கதவுக்காக அழுகிறவர்களுக்கு

புலம்பெயர்ந்த எங்கள் சஞ்சிகைகளில் கதவு வராத இதழ் குறைவு. கவிதையில் வரும், கட்டுரையில் வரும், சிலவேளை அட்டைப்படமாகவே வரும். ஊரில் விட்டுவந்த வீடு, அதன் தலைவாசல், அங்கே ஒரு பழைய மரக்கதவு, அது திறக்கும்போது எழும் கிறீச்சென்ற சத்தம், பின்னால் அம்மா. கடைசி வரியில் கண்ணீர். முப்பது வருடமாக இதையே எழுதுகிறோம், இதையே வாசிக்கிறோம். நானும் வாசித்து அழுதவன்தான். ஆனால் நான் கதவு செய்து சம்பளம் வாங்குகிறவன். ஆகவே கதவைப் பற்றிச் சொல்ல எனக்கும் இரண்டொரு விஷயம் இருக்கிறது. சிலருக்கு அது கசக்கும். கசக்கட்டும்.

இதை என்னை எழுதவைத்தவர் பள்ளிக்கூட காலத்து நண்பர் ஒருவர். பாரிசில் இருக்கிறார், கவிதை எழுதுவார். போன மாரியில் கொழும்புக்குப் போகும் வழியில் மூன்று நாள் துபாயில் தங்கினார். உயர்ந்த கட்டடங்களைப் பார்க்கவே மாட்டேன் என்று பிடிவாதம். "பழசு ஏதும் இருந்தால் காட்டு மச்சான்" என்றார். சரியென்று பர் துபாயில், கிரீக் கரையோடு இருக்கும் பஸ்தகியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அதை அல் ஃபஹீதி என்று பழைய பெயரால் அழைக்கிறார்கள். ஒடுங்கின ஒழுங்கைகள், மண்நிறச் சுவர்கள், மேலே காற்றுக் கோபுரங்கள். ஒரு வாசலில் நண்பர் நின்றுவிட்டார். இரட்டைக் கதவு. உள்ளங்கையால் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"எங்கட வீட்டுக் கதவு மாதிரியே கிடக்கு மச்சான்."

பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு கதவு விலைக்கு எடுக்கலாமா என்று கேட்டார். பாரிஸ் வீட்டு வரவேற்பறையில் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி வைத்து மேசையாக்கப் போகிறாராம்.

நான் இரண்டே இரண்டு கேள்வி கேட்டேன். "உங்கட வீட்டுக் கதவை ஆர் செய்தது?" அவருக்குத் தெரியவில்லை. "அது எங்கையிருந்து வந்தது?" அதுவும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மரவேலை செய்து செய்து மரமாகிப்போனாய்" என்றார். விமான நிலையம் வரைக்கும் பேசவில்லை. அவருக்குச் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். அவர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்.

முதலில் அவர் தடவிய கதவைப் பார்ப்போம். துபாயில் கதவு செய்யக்கூடிய மரம் முளைப்பதில்லை. ஆகவே அந்த ஒழுங்கைகளில் இருக்கும் ஒவ்வொரு பலகையும் கடல் தாண்டி வந்தது. கதவுக்குத் தேக்கு மலபார்க் கரையிலிருந்து பாய்க்கப்பலில் வந்தது. கூரைக்குக் கண்டல் கம்பு கிழக்காபிரிக்காவிலிருந்து வந்தது. அந்தக் கம்பின் நீளந்தான் அந்த வீடுகளில் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது. வீடுகளைக் கட்டியவர்கள் தெற்குப் பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து 1900ஐ ஒட்டிய வருடங்களில் வந்து குடியேறிய வியாபாரிகள். ஊர்ப்பெயரைக் கூடவே கொண்டுவந்தார்கள். பஸ்தகியா என்ற பெயரே ஒரு புலம்பெயர்ந்தவனின் முகவரிதான்.

கதவின் கட்டு மிக எளிது. நிமிர்த்தி நிறுத்திய பலகைகள், அவற்றைப் பிடித்துக்கொள்ளக் குறுக்குச் சட்டங்கள், தலை பருத்த இரும்பாணிகள், இரண்டு கதவும் சேரும் இடத்தை மூட நடுவில் ஒரு நெடுஞ்சட்டம். சிலவற்றில் பெரிய கதவுக்குள்ளேயே குனிந்து நுழைய ஒரு சின்னக் கதவு. சித்திரவேலை இருந்தால் அது மேலதிகம். கதவைக் கதவாக வைத்திருப்பது அந்தச் சட்டமும் ஆணியும்தான்.

1980களில் பஸ்தகியாவின் ஒரு பாதியை இடித்துவிட்டார்கள். மிச்சத்தையும் இடிக்கும் நிலை வந்தபோது அங்கே குடியிருந்த றெய்னர் ஒட்டர் என்ற பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1989இல் துபாய்க்கு வந்த இளவரசர் சாள்ஸ் அந்த ஒழுங்கைகளில் நடந்து பார்த்து, இதைக் காப்பாற்றவேண்டும் என்றார். இடிப்பு நின்றது. பிறகு புதுப்பித்தார்கள். இன்று உல்லாசப் பயணிகள் படமெடுக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தக் கதவுகளைச் செய்த கைகள் யாருடையவை, பிறகு புதுப்பித்த கைகள் யாருடையவை என்று என் நண்பர் கேட்கவில்லை. கதவை மட்டும் கேட்டார், மேசைக்கு.

இனி என் வேலையைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் பட்டறையின் பெயர் வேண்டாம். கொஞ்ச வருடமாக அங்கே 'நாட்டுப்புறக் கதவு' என்று ஒன்றுக்கு நல்ல கிராக்கி. உணவகங்களுக்கும், வில்லாக்களுக்கும், தேநீர்க் கடைகளுக்கும் போகிறது. பைன் மரத்தில் புதிதாகச் செய்வோம். பிறகு அதைப் பழசாக்குவோம். கம்பித் தூரிகையால் உரஞ்சி மெதுவான மரத்தைத் தோண்டி எடுத்தால் இழை எழும்பும். இரும்புச் சங்கிலியால் அங்கங்கே அடித்தால் காயம் விழும். மெல்லிய துளைக்கருவியால் புழு அரித்த மாதிரி ஓட்டை போடுவோம். கடைசியில் நிறம். பைன் மரத்தில் துவர்ப்புச் சத்துக் குறைவு. ஆகவே முதலில் கடும் தேயிலைச் சாயத்தைப் பூசவேண்டும். பிறகு வினாகிரியில் உருக்குக் கம்பளியைப் போட்டு ஊறவைத்த தண்ணீரைப் பூசினால் ஒரு மணித்தியாலத்தில் நூறு வருடப் பழசு போலச் சாம்பல் நிறம் வந்துவிடும். தேயிலை பெரும்பாலும் எங்கள் நாட்டுத் தேயிலை. மலையகத்தில் எவளோ கிள்ளிய கொழுந்து, பர் துபாயில் பொய்யான முதுமைக்கு உதவுகிறது.

இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் நண்பர்களே, எங்கள் சஞ்சிகைகளில் வரும் பெரும்பாலான கதவுகளும் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கொஞ்சம் சங்கிலியடி, கொஞ்சம் புழு ஓட்டை, கொஞ்சம் தேயிலைச் சாயம். சட்டம் எங்கே, ஆணி எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

முதற் கேள்விக்கு வருகிறேன். யார் செய்தது?

எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவி என்போம். எனக்குத் தொழில் பழக்கியவர் பேப்பூரைச் சேர்ந்த ஒரு மலையாளி முதியவர். அரபுக்களுக்கு உரு என்னும் பெருங்கப்பல் கட்டிக்கொடுத்த ஊர்க்காரர். அங்கே கப்பல் கட்டும் தச்சரை ஓடாயி என்பார்களாம். அந்தச் சொல்லைக் கேட்ட அன்று எனக்கு ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஓடாவியார் ஞாபகத்துக்கு வந்தார். நாங்கள் தோட்டம் செய்யும் வெள்ளாளக் குடும்பம். அவர் வந்து நிலை வைத்த அன்று வெற்றிலையும் வேட்டியும் வைத்து மரியாதை செய்தார்கள். மற்ற நாட்களில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும் பேணி இறவாரத்தில் தனியாகச் செருகியிருந்தது. தான் செய்த கதவைத் தாண்டி அவர் உள்ளே வந்து இருந்ததை நான் கண்டதில்லை. அவருடைய பெயரை நான் அறிந்ததுமில்லை. 'ஓடாவி' என்று சின்னப் பிள்ளையான நானே கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தம்பி ஐயா' என்பார்.

1997இல் நான் துபாய்க்கு வந்து உளி பிடித்தேன். அம்மா ஊரில் "மகன் அங்கை சுப்பவைசர்" என்றே சொன்னா. கடிதத்தில் தச்சுவேலை என்று எழுதவேண்டாம், தங்கச்சியின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று எழுதினா. மூன்று வருடம் நானும் சுப்பவைசராகவே கடிதம் போட்டேன். கதவுக்காக அழுவோம், கதவு செய்கிற கையைப் பற்றிக் கலியாணத் தரகரிடம் மூச்சுவிட மாட்டோம். இது என்ன ஏக்கம்? இதற்கு என்ன பெயர் வைப்பது?

எளிமையான பலகைக் கதவு ஒன்றைக் கையால் செய்து பார்த்தவனுக்கு அந்த ஓடாவியார் யாரென்று தெரியவரும். 2004இல் நான் அப்படி ஒன்று செய்தேன். பர் துபாயில் பழைய கட்டடம் ஒன்றில் மூன்று அறை வீடு. ஒட்டுப்பலகையால் தடுத்துத் தடுத்துப் பதினொரு பேர் இருந்தோம். எங்களுடைய தடுப்பில் மூன்று கட்டில். வாசலுக்குக் கதவில்லை, கட்டில் சீலை ஒன்று தொங்கியது. கூட இருந்தவர்களில் ஒருவர் துணிக்கடையில் வேலை செய்த நானா. யாழ்ப்பாணத்து முஸ்லிம். மனைவி பிள்ளைகள் புத்தளத்தில். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி அட்டை வாங்கி மனைவியோடு கதைப்பார். கதைக்கும்போது போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வார். அந்த வெக்கையிலும்.

ஒருநாள் கேட்டார்: "தம்பி, நீங்கள் ஊருக்கெல்லாம் கதவு செய்யிறீங்கள். எங்களுக்கு ஒண்டு செய்ய ஏலாதா? மனிசியோட கதைக்கிறதுக்கெண்டாலும் ஒரு கதவு வேணும்."

பாவித்த சாரப் பலகை இரண்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் 13 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். நடுவால் அறுத்தால் ஆறரை அடியில் நாலு துண்டு. மூன்று துண்டு சேர்ந்தால் 27 அங்குலம். அதுதான் கதவு. நாலாவதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் மூன்று குறுக்குச் சட்டமும் இரண்டு சாய்சட்டமும் வரும். மிஞ்சுவது ஒரு சாண் துண்டு. இரண்டு வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் வைத்துச் செய்தோம். மின்சாரக் கருவி இல்லை. ஒரு கைவாள், ஒரு சீவுளி, மூலைமட்டம், உளி, சுத்தியல்.

இந்தக் கதவில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பலகை நீளத்தில் மாறாது, அகலத்தில் மாறும். ஓகஸ்ட் மாத ஈரக்காற்றில் ஊதும், குளிரூட்டி போட்ட அறையில் வற்றும். ஆகவே பலகையோடு பலகையை ஒட்டக்கூடாது. ஒரு சில்லறைக் காசின் கனத்துக்கு இடைவெளி விடவேண்டும். சாய்சட்டத்தின் அடி பிணைச்சல் பக்கம் இருக்கவேண்டும், தலை திறாங்குப் பக்கம் ஏறவேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் சட்டத்தின் வழியே இறங்கிப் பிணைச்சலுக்குப் போகும். மாறிப் போட்டால் சில மாதத்தில் கதவு தொங்கி நிலத்தில் அரையும். ஆணி 4 அங்குலம், இரண்டு மரமும் சேர்ந்து 3 அங்குலம். மறுபக்கம் வெளியே வரும் ஒரு அங்குலத்தை வளைத்து, இழைக்குக் குறுக்காக மரத்துக்குள் அடித்து அமர்த்தவேண்டும். அப்படி அமர்த்திய ஆணி கழராது. பஸ்தகியாவின் கதவுக்கும் இதுவே விதி. எங்கள் ஊர்ப் பலகைக் கதவுக்கும் இதுவே விதி.

எல்லாவற்றுக்கும் முதல் நிலையை அளக்கவேண்டும். பேப்பூர் ஆசான் எனக்குச் சொல்லித்தந்த முதற் பாடம் அது. நிலையின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஒரு அளவு. மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாயிருந்தால் நிலை சரி. ஒரு மூலையை மட்டும் அளந்துவிட்டு நிலை சரி என்று சொல்கிறவன் பொய்யன், அல்லது சோம்பேறி. இதை மனதில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

ஆணி அமர்த்தும்போது ஒருவர் முன்னால் பாரமான இரும்பை முண்டுகொடுத்துப் பிடிக்கவேண்டும், மற்றவர் பின்னால் அடிக்கவேண்டும். நானா பிடித்தார், நான் அடித்தேன். அப்போது தன்னுடைய வீட்டுக் கதையைச் சொன்னார். சோனகதெருவில் அவருடைய வீடு. 1990 ஒக்ரோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்களை வெளியே கூப்பிட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படித் துரத்தப்பட்டார்கள் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. நானாவுக்கு அப்போது கலியாணமாகி ஒரு வருடம்.

"வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்திட்டுப் போகச் சொன்னாங்கள். நானும் வடிவாப் பூட்டினனான் தம்பி. ரெண்டுதரம் இழுத்துப் பார்த்தனான். இப்ப நினைச்சால் சிரிப்பு வருது. கதவையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். பூட்டு என்ன செய்யும்?"

எனக்குச் சுத்தியல் பிசகிவிட்டது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி இதுதான். எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டுக் குசினிக்கு ஒரு பச்சைக் கதவு இருந்தது. பலகைக் கதவு, மூன்று குறுக்குச் சட்டம், பச்சைப் பூச்சு, திறாங்குக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கணக்குக் கோடுகள். 1991இல் அப்பா வாங்கினார். ஒரு வண்டிலில் கதவுகளும் யன்னல்களும் வளைமரங்களும் அடுக்கி வந்தன. முன்னூறு ரூபாய். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். துரத்தப்பட்டவர்களின் வீடுகளில் ஓடும் மரமும் கதவும் யன்னலும் கழன்றுகொண்டிருந்த காலம் அது. பொருளாதாரத் தடை, மரம் இல்லை, விலை மலிவு. அப்பா கெட்ட மனிதரில்லை. கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது கண்ணீர்விடுகிறவர். அந்தக் கதவைத் திறந்துதான் அம்மா எனக்குச் சோறு போட்டா. ஏக்கக் கட்டுரை எழுதுகிறவர்களே, கதவுக்குப் பின்னால் நிற்கும் அம்மா எனக்கும் உண்டு. எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதுதான் கேள்வி.

அந்தக் கதவு நானாவின் வீட்டுக் கதவுதான் என்று எழுதினால் நல்ல சிறுகதை வரும். அப்படி இல்லை, அவருடைய வீட்டில் அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அதுதான் விஷயம்.

ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில், 1995 ஒக்ரோபர் 30இல், நாங்கள் வெளிக்கிட்டோம். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அப்பாவும் வீட்டைப் பூட்டினார். அவரும் இழுத்துப் பார்த்தார். 1996இல் திரும்பிப் போனபோது வீட்டில் ஒரு கதவும் இல்லை, ஒரு யன்னலும் இல்லை. பச்சைக் கதவும் போய்விட்டது. பங்கருக்குப் போனதோ, விறகாய்ப் போனதோ. அம்மா குசினி வாசலில் இருந்து அழுதா. என் நண்பர் கவிதை எழுதுவது இந்த ஒக்ரோபர் 30ஐப் பற்றி. நல்ல கவிதைகள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தவை. மற்ற ஒக்ரோபர் 30 அவருடைய தொகுப்பில் இல்லை.

ஒரு மூலையை மட்டும் அளக்கிறவனைப் பற்றி மேலே சொன்னேன்.

இதை எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முந்திய கதையைக் கிளறுவதேன் என்பார்கள். ஐயா, 1995ஐ எந்த வருடம் கிளறாமல் விட்டோம்? அது இயக்கம் செய்தது, மக்கள் என்ன செய்வது என்பார்கள். துரத்தியது இயக்கம். கதவை வாங்கியது நாங்கள். முன்னூறு ரூபாயை எண்ணிக் கொடுத்த கை அப்பாவின் கை. எதிரிக்கு வாய்ப்பாகப் போய்விடும் என்பார்கள். எதிரி எங்கள் வீட்டைக் கழற்றினான் என்று ஊருலகத்துக்கெல்லாம் சொல்கிற நாங்கள், நாங்கள் கழற்றியதைச் சொல்லாமல் விட்டால் முதலில் சொன்னதை யார் நம்புவார்கள்? நாங்களும் எல்லாம் இழந்தவர்கள்தானே என்பார்கள். உண்மை. ஆனால் இழந்தது எல்லாம் எங்களுடையதா என்று ஒருமுறை பார்க்கவேண்டும். என் அம்மா குசினி வாசலில் இருந்து அழுதது இன்னொரு தாயின் கதவுக்கு. அம்மாவின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு வேறொரு உரிமைக்காரி இருக்கிறாள்.

இப்படிச் சொல்வதால் எங்கள் அழிவு சிறுத்துப்போகாது. சிறுத்துப்போகும் என்று பயப்படுகிறவர்கள்தான் அதைப் பெரிதாகக் காட்டச் சங்கிலியால் அடிக்கிறார்கள், சாயம் பூசுகிறார்கள்.

நானாவிடம் நான் பச்சைக் கதவைச் சொன்னது 2009இல், யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து. ஐந்து வருடம் அந்தச் சாரப்பலகைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு ஒரே தடுப்பில் படுத்திருந்தோம், சொல்ல வாய் வரவில்லை. சொன்ன அன்று அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்கட அப்பா எவ்வளவு குடுத்தவர்?"

"முன்னூறு நானா."

"பலகைக் காசுக்கே காணாது" என்றார். அவ்வளவுதான். விளக்கை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார்.

2012இல் விடுமுறையில் போனபோது சோனகதெருவில் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். அவரும் வந்திருந்தார். நாலு சுவர், உள்ளே மரம் முளைத்திருந்தது. ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தார். நிலை இருந்த இடம் வெறும் ஓட்டை. முதிரை வாங்க வசதி காணாது, வேம்பு வாங்கினோம். மரக்காசு அவர் கொடுத்தார், விடவில்லை. கூலி நான் வாங்கவில்லை, அதற்கு அவர் விட்டார். முற்றத்தில் வைத்து நாலு நாளில் நிலையும் கதவும் செய்தேன். அதே பலகைக் கதவு. மூன்று குறுக்குச் சட்டம், இரண்டு சாய்சட்டம், மடித்தடித்த ஆணி. இரண்டு மூலையும் அளந்தேன்.

மாட்டி முடிந்ததும் நானா திறந்து மூடிப் பார்த்தார். "கீழ கொஞ்சம் தட்டுது" என்றார். கழற்றி இரண்டு இழை சீவிவிட்டு மாட்டினேன். பிறகு உள்ளே போய்த் திறாங்கைப் போட்டார். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் அவர் திறக்கவில்லை. நானும் தட்டவில்லை.

மன்னிப்பு, சமாதானம், கண்ணீர், கட்டித்தழுவல் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணம் வரமாட்டோம் என்கிறார்கள். அவர் வருடத்தில் ஒருமுறை வந்து, திறந்து, கூட்டி, பூட்டிவிட்டுப் போகிறார். ஒரு கதவால் எதுவும் சரியாகிவிடவில்லை. நான் கடன் தீர்த்தேன் என்று நினைக்கவில்லை. யாருக்குக் கடன் என்றே தெரியாதவன் எப்படித் தீர்ப்பது? ஆனால் அந்த ஓட்டையில் இப்போது ஒரு கதவு இருக்கிறது. அதைச் செய்தது யார், மரம் எங்கிருந்து வந்தது, யார் காசு கொடுத்தது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

பர் துபாயில் நாங்கள் செய்த கதவு இன்றில்லை, கட்டடத்தோடு போய்விட்டது. அனுமதியில்லாத தடுப்பறைகளுக்கு எதிராக 2025 யூனில் துபாய் மாநகரசபை நடவடிக்கை எடுத்தபோது அல் றஃபா ஒழுங்கைகளில் பெட்டியும் கையுமாய் நின்ற பையன்களைக் கண்டேன். பெரும்பாலான தடுப்புகளுக்கு இன்றும் கதவில்லை, சீலைதான். எங்கள் இலக்கியத்தில் அவர்கள் இன்னும் வரவில்லை. விட்டுவந்த கதவு வருகிறது. கதவே இல்லாமல் தூங்குகிறவன் வரவில்லை.

பாரிஸ் நண்பருக்கு: மச்சான், மேசைக்குக் கதவு வேண்டாம். நான் உனக்கு ஒரு மேசை செய்து அனுப்புகிறேன், மேசையாகவே. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கதவைச் செய்த ஓடாவியாரின் பெயரைக் கேட்டு வா. அவருடைய பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். 1990க்கும் 1995க்கும் இடையில் உங்கள் வீட்டுக்கு என்னென்ன மரம் வந்தது என்றும் கேள். ஒன்றும் வரவில்லை என்றால் நல்லது, அதையும் எழுது. கேட்டுவிட்டுக் கவிதை எழுது. நான் வாசிப்பேன். அழவேண்டி வந்தால் அழுவேன்.

கேட்காமல் எழுதுவதை இனி என்னிடம் அனுப்பாதே.